பொறி பாடிய பத்து இராகங்கள்

கலையுலகிலே 'முதலிற் செய்தவர் யார்?' என்னும் வினா எழுந்துவிட்டால், செய்த பொருள் யாது, அஃது எத்தன்மைத்து என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுதல் வழக்கம். பம்பாய் நகரத்து வாத்தியக் கலைஞராகிய சரண்ஜித் சிங் என்பாருக்கு நேர்ந்தது இதுவே. 1982 ஆம் ஆண்டிலே அவர் மூன்று மின்னியற் பொறிகளைத் துணைக்கொண்டு இந்துஸ்தானி இராகங்கள் பத்தினை இசைத்துப் பதிவு செய்தார். எச்.எம்.வி. நிறுவனம் அதனை இசைத்தட்டாக வெளியிட்டது. வாங்குவோர் அருகினர், தட்டும் மறக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் மண்மூடிக் கிடந்த அத்தட்டு 2010 இல் நெதர்லாந்து நாட்டிலே மறுபதிப்பாக வெளிவந்தபோது, மேலைநாட்டு இசையன்பர் திடுக்குற்றனர். தாங்கள் 'அசிட் ஹவுஸ்' எனப் பெயரிட்டு வழங்கும் நடன இசை, சிக்காகோவிலே பிறந்ததாகத் தாங்கள் நம்பிய அவ்விசை, அதற்கு ஐந்தாண்டு முன்னரே பம்பாயில் ஒலித்திருந்ததே என்று வியந்தனர். 'இவரே தந்தை' என்றனர் சிலர். 'இக்காலத்தவர் யாரோ பழையது போலச் செய்து விளையாடுகின்றனர்' என்று ஐயுற்றனர் வேறு சிலர். இரு சாராரும் ஆண்டுக் கணக்கையே பேசினர். தட்டினுள் இருக்கும் இசையைப் பற்றிப் பேசினோர் மிகச் சிலரே.

தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: ரென் ராகாஸ் ரு எ டிஸ்கோ பீற்' என்பது. டிஸ்கோத் தாளத்திற்குப் பத்து இராகங்கள் என்று பொருள் கொள்க. ஐரோப்பாவிலே வாழும் என் மருகன் ஒருவன் விடுமுறைக்கு வந்தவிடத்து மறுபதிப்பின் படியொன்றை என் கையிற் கொடுத்துச் சென்றான். தலைப்பைப் பார்த்தே முகஞ்சுளிப்போர் நம்மவருள் உளர். அவர்களுக்கும், தந்தைப் பட்டஞ் சூட்டி மகிழும் மேலைநாட்டாருக்கும் சேர்த்தே இதனை எழுதுகின்றேன்.

சரண்ஜித் சிங் சபைகளிலே கச்சேரி செய்து பெயர் ஈட்டிய வித்துவான் அல்லர். இந்தித் திரைப்படங்களின் வாத்தியக் குழுவிலே கிற்றாரும் பிறவும் வாசித்துச் சீவனம் நடத்தியவர். ஆர். டி. பர்மன் முதலாய பெரும் இசையமைப்பாளருக்கு வாசித்தவர். திரைப்பாட்டுகளின் மெட்டுகளை வாத்தியத்தில் இசைத்த தட்டுகளும் அவர் பெயரில் உண்டு. படத்தின் பெயரும், பாடியவர் பெயரும், இசையமைத்தவர் பெயரும் சுவரொட்டியில் மின்னும். வாசித்தவர் பெயர் அதில் இடம்பெறுவதில்லை. அவ்வுலகத்தின் முறை அது. 1980 இல் 'குர்பானி' என்னும் படமும் 1982 இல் 'டிஸ்கோ டான்சர்' என்னும் படமும் வெளிவந்தன. இந்தி இசையுலகம் முழுவதும் டிஸ்கோ மயமாயிற்று. வேலைக்குப் போகுமிடமெங்கும் அத்தாளமே ஒலிக்கக் கேட்ட சிங்கர், தபலாவை நிறுத்திவிட்டு அத்தாளத்தின்மீது இராகத்தை வைத்தால் என்ன என்று எண்ணினாராம். பின்னாளிலே செவ்விகளில் இதனை மிகச் சாதாரணமாகவே கூறியுள்ளார். புரட்சி செய்யப் புகுந்தவர் பேச்சாக அஃது இல்லை. வீட்டிலே ஓய்ந்த நேரத்தில் புதிய கருவியைப் பழகிப் பார்த்த ஒரு தொழிலாளியின் பேச்சாகவே இருக்கின்றது.

அவர் பழகிய பொறிகள் மூன்றும் யப்பானிய நிறுவனமாகிய றோலண்டின் ஆக்கங்கள். ஜூப்பிற்றர் 8 என்பது சுரக்கட்டைகள் உடைய பெருங்கருவி. 1981 இல் வெளிவந்தது. ஒரே வேளையில் எட்டுச் சுரங்களை எழுப்ப வல்லது. அதனைச் சிங்கப்பூரில் வாங்கியதாகச் சிங்கர் கூறியுள்ளார். ரி.ஆர். 808 என்பது தாளப்பொறி. 1980 இல் வெளிவந்தது. மூன்றாவதாகிய ரி.பி. 303 இன் கதையே கதை. தனியே இருந்து கிற்றார் பழகுவோருக்குக் கீழ்த்தாயிச் சுரங்களை வாசித்துத் துணை நிற்பதற்கென்று தடாவோ கிக்குமொற்றோ என்னும் பொறியியலாளர் வகுத்த சிறு பெட்டி அது. 1981 இல் விற்பனைக்கு வந்தது. கிற்றாரின் ஒலியை அது சிறிதும் ஒத்திருக்கவில்லை. சுரங்களை ஒருமுறையும் அவற்றின் கால அளவுகளை மற்றொருமுறையும் தனித்தனியே பதிக்க வேண்டியிருந்தமையால், அதனை ஆள்வதும் எளிதன்று. ஏறத்தாழப் பத்தாயிரம் பெட்டிகள் செய்தபின் 1984 இல் நிறுவனம் அதனைக் கைவிட்டது. எஞ்சியவை பழம்பொருட் கடைகளிலே மலிந்த விலைக்குக் கிடந்தன.

அப்பெட்டியின் இயல்பை ஆசிரியர்களும் மாணவர்களும் சற்று அறிந்துகொள்ளல் நன்று. ஒரு வேளையில் ஒரு சுரமே அதில் எழும். பதினாறு படிகள் கொண்ட ஒரு வரிசையைப் பதித்துவிட்டால், நிறுத்தும்வரை அதனையே திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும். படிதோறும் அழுத்தம் கொடுக்கலாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லுமாறும் செய்யலாம். இவற்றின்மேல் ஒலியை வடிக்கும் அமைப்பு ஒன்றுண்டு. அதன் குமிழைத் திருகுந்தோறும் ஒரே சுரம் மூடிய வாயினுள் முனகுவது போலவும், வாய் திறந்து கூவுவது போலவும், சேற்றிலே கால் புதைந்து எழுவது போலவும் மாறி மாறி ஒலிக்கும்.

நிற்க. சிக்காகோவில் நிகழ்ந்ததை இனிக் காண்போம். 'ஹவுஸ்' என்பது அந்நகரத்து 'வெயாஹவுஸ்' என்னும் நடனக்கூடத்தின் பெயர் முதற்குறையாகி வழங்கியது என்பர். பியூச்சர் என்னும் குழுவினர், டி.ஜே. பியர், ஸ்பாங்கி, ஹேர்ப் ஜே என்போர், பழைய ரி.பி. 303 ஒன்றை வாங்கினர். வரிசை ஒன்று ஓடிக்கொண்டிருக்க, பியர் குமிழ்களைத் திருகத் தொடங்கினார். கிற்றாருக்குத் துணையாதற்கென்று பிறந்த பெட்டி அப்பொழுது தன் சொந்தக் குரலிற் பேசிற்று. அவ்வொலிப்பதிவை மியூசிக் பொக்ஸ் என்னும் கூடத்திலே இசைத்தட்டுச் சுழற்றிய றொன் ஹார்டி முதன்முறை ஒலிக்கச் செய்தபோது ஆடியோர் களத்தை விட்டு அகன்றனராம். அன்றிரவே அவர் அதனை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். நான்காம் முறை கூட்டம் வெறிகொண்டு ஆடிற்று என்பது அவ்வுலகத்தின் மரபுக்கதை. 1987 இல் 'அசிட் றக்ஸ்' என்னும் பெயரிலே தட்டாக வெளிவந்த அது, பத்து நிமிடத்திற்கு மேல் நீள்வது. அடுத்த ஆண்டிலே இங்கிலாந்து இளைஞரிடையே அவ்விசை காட்டுத்தீயாய்ப் பரவிற்று.

இவ்விரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்போருக்கு ஒற்றுமை உடனே புலனாகும். பொறி ஒன்றே ஆதலின் குரலும் ஒன்றாயிருத்தல் வியப்பன்று. ஆயினும் அதனினும் ஆழ்ந்த ஒற்றுமை ஒன்றுண்டு. மேலைநாட்டுப் பாட்டு பெரும்பாலும் சுரக்கூட்டுகள் மாறி மாறி வருதலால் நடப்பது; ஓரிடத்தை விட்டு வேறிடஞ் சென்று மீளும் பயணம் போன்றது. இராகமோ ஆதார சட்சத்தை விட்டு அசையாது. தம்புரா ஒன்றையே கூறிக்கொண்டிருக்க, அதன்மேல் இராகம் மெல்ல மெல்ல விரியும். ஒரு வரிசையையே ஓயாது உரைக்கும் பெட்டி சிங்கருக்குத் தம்புராவின் தொழிலைச் செய்தது. சிக்காகோ இளைஞருக்கும் அதனையே செய்தது. ஆதாரம் பெயராத இசைக்கு இப்பெட்டி பிறவியிலேயே பொருந்தியது. தனிக் கிற்றார்க்காரருக்கு அது பயன்படாமற்போன காரணங்களுள் இதனையும் ஒன்றாக யான் கருதுவேன்.

இனி வேற்றுமை. பியூச்சர் குழுவினரின் பதிவிலே சுரவரிசை அப்படியே நிற்கும். மாறுவது ஒலியின் நிறம். கை குமிழின்மேல் இருக்கின்றது. சிங்கரின் பதிவிலே ஒலியின் நிறம் பெரிதும் நிலைத்து நிற்கும், மாறுவது சுரம். கை சுரக்கட்டையின்மேல் இருக்கின்றது. ரி.பி. 303 கீழே ஓடிக்கொண்டிருக்க, ஜூப்பிற்றரிலே அவர் விரல்கள் இராகத்தின் ஆரோகண அவரோகண நெறி வழுவாது பிடிகளைக் கூட்டியும் பிரித்தும் செல்கின்றன. அங்கே பெட்டிதான் பாடகர். இங்கே அது பக்கவாத்தியம். இவ்வளவு தெளிவான வேற்றுமை இருக்க, இரண்டையும் ஓரினமாக்கி ஒன்றை மற்றொன்றின் தந்தை என்பது எங்ஙனம் பொருந்தும்? மேலும், விலைபோகாது இந்தியாவிலேயே தங்கிவிட்ட ஒரு தட்டைச் சிக்காகோவில் அவ்விளைஞர் கேட்டனர் என்பதற்குச் சான்று யாதுமில்லை. முந்தியவர் என்பது வேறு. முன்னோர் என்பது வேறு. சிங்கர் முந்தியவர், அவ்வளவே. தமக்கு அப்படியோர் இசை உண்டென்பதையே அவர் நெடுங்காலம் அறியார்.

இத்தட்டை எம் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர் சிலருக்கு ஒருநாட் பிற்பகல் ஒலிக்கச் செய்தேன். கேட்டிருந்த ஒருவன், "ஐயா, இது இராகமா, இராகத்தின் சத்தமா?" என்று வினாவினான். நல்ல வினா. நம்மவருட் பெரும்பாலாரின் மறுப்பும் இதனுள் அடங்கும். கட்டைக் கருவியிலே சுரம் நின்ற இடத்தில் நிற்கும். அதனை அசைத்துக் கமகம் எழுப்புதல் அரிது. கமகமின்றேல் இராகத்தின் எலும்பேயன்றி உயிர் இல்லை என்பது அம்மறுப்பு. புதியதன்று. ஆர்மோனியத்திற்கு எதிராகவும் இதுவே சொல்லப்பட்டது. அகில இந்திய வானொலி 1940 இல் அக்கருவியை விலக்கி வைத்தது. அவ்விலக்குத் தளர்வதற்கு 1971 வரை செல்ல வேண்டியிருந்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றால் யாழ் நிற்கின்றது. யாழ் மறைந்து வீணை நிலைத்தமைக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, நரம்புக்கு ஒரு சுரமாக நின்ற அக்கருவியிலே கமகம் எளிதில் அமையாது என்பதேயாகும். விபுலாநந்த அடிகளார் நெடுங்காலம் உழைத்து 1947 இல் 'யாழ் நூல்' வெளியிட்டபோது, நின்ற சுரங்களாலும் உயர்ந்த இசை இயலும் என்பதை நம்மவர் மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. ஆகவே 'அசையாச் சுரம், ஆதலின் இசையன்று' என்று ஒரேயடியாகத் தள்ளுதல் யாழ் மரபினராகிய நமக்கு அழகன்று.

ஆயினும் மாணவனின் வினா அதனாலே தீர்ந்துவிடாது. ரி.பி. 303 இலே வழுக்கோசை உண்டென்றேன். ஆனால் அவ்வழுக்கு எத்துணை நேரம் நீள்வது என்பதை விதிப்பது பொறி; வாசிப்பவன் அல்லன். இந்துஸ்தானியர் 'மீண்ட்' என்று போற்றும் வழுக்கோசையின் சுவை முழுவதும், எங்கே தயங்குவது, எங்கே விரைவது என்னும் மனிதக் கணக்கிலே இருக்கின்றது. ஆலாபனைக்கும் இடமில்லை, இராகத்திற்கு ஏறத்தாழ ஐந்து நிமிடமே கிடைத்தது. இக்குறைக்குப் பொறியை நோவதும் முறையன்று. 1902 இல் கல்கத்தாவிலே கௌகர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கிய நாள் முதலாக, இரவெல்லாம் விரியும் இராகத்தை மூன்று நிமிடத்துள் மடக்கி வைக்க நம் கலைஞர் பழகியே இருந்தனர்.

யான் பெரிதாய்க் கருதும் குறை தாளத்தில் உள்ளது. பெட்டிக்குப் படி பதினாறு. தீன்தாளத்திற்கு மாத்திரை பதினாறு. எண் ஒத்தமை கண்டு மகிழ்வார் உளர். அது வெறும் எண்ணொப்புமையே. தீன்தாளத்தின் ஒன்பதாம் மாத்திரையிலே கை தட்டாது வீசும். தபலாவின் இடப்பக்கத்து ஆழ்ந்த ஒலி ஒடுங்கும். அவ்வெற்றிடத்தைக் கொண்டே கேட்பவன் தாளத்தில் தான் நிற்குமிடத்தை உணர்கின்றான். டிஸ்கோத் தாளத்திலோ எல்லா அடியும் சமமான அடி. 'காலி' என்பதே இல்லை. பத்து இராகங்களையும் ஒருங்கே கேட்டு முடிக்கும்போது என் செவி இளைத்தது இதனாலேயே. இவ்வகை இசை ஆடுவோருக்கென அமைந்தது, அமர்ந்திருப்போருக்கன்று என மருகன் விடை கூறினான். அதனையும் ஏற்றுக்கொள்ளலாம்.

இராகங்களைப் பற்றிச் சில சொல்லுதல் நம் இசை மாணவருக்குப் பயன்படும். பூபாலி நம் மோகனம், மால்கௌன்ஸ் நம் இந்தோளம், கலாவதி வலஜி, பைராகி ரேவதி. இந்நான்கும் ஐந்து சுரங்களே கொண்ட ஔடவங்கள். மேக் மல்ஹார் நம் மத்தியமாவதியை நினைவூட்டும். யமன் கல்யாணியாம், மதுவந்தி தர்மவதியின் சுரங்களைக் கொண்டது. பெயரை நம்பி ஏமாறக் கூடாத இடங்களும் உள. அவர்களுடைய தோடி நம் தோடியன்று, சுபபந்துவராளியின் சுரங்களுடையது. நம் தோடியின் சுரங்களை அவர்கள் பைரவியிலே வழங்குவர். தட்டிலுள்ள பைரவிக்கு முன்னர், 'ஓம் நமசிவாய' என்னும் மந்திரம் பொறிக்குரலில் ஒலிக்கின்றது. ஐந்தெழுத்தை நாவால் ஓதிப் பழகிய நமக்கு அது முதலிற் சற்றே திகைப்புத் தரும். அதனை இழிவென்று யான் கொள்ளவில்லை; தொழில் தொடங்குமுன் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கமே பொறிக்குள்ளும் புகுந்தது போலும்.

பூபாலியில் ஓட்டம் மிகுந்து பிடி குறைந்ததாக எனக்குப் படுகின்றது. அச்சுரங்களையே கொண்ட தேஷ்கார் என்னும் இராகத்தினின்று பூபாலியைப் பிரிப்பது, எச்சுரத்தில் நிலைத்து நிற்கின்றோம் என்பதே. விரைந்தோடும் கைக்கு நிலைத்து நிற்க நேரமேது? மால்கௌன்ஸ் அதற்கு மாறாக நன்கு அமைந்திருக்கின்றது. பஞ்சமம் இல்லாத அவ்விராகத்தின் கம்பீரத்தை அடித்தாயியில் முழங்கும் பெட்டியின் குரல் தாங்கிப் பிடிக்கின்றது.

தட்டு மீண்ட வரலாறும் கூறற்பாலது. எடோ பௌமன் என்னும் நெதர்லாந்துக்காரர், பழைய இந்தித் திரையிசைத் தட்டுகளைத் தேடித் திரிபவர், 2002 இல் தில்லியிலே ஒரு கடையில் இதன் படியொன்றைக் கண்டெடுத்தார். பின்னர் பம்பாய் சென்று சிங்கரைத் தேடிக் கண்டு, அவர் இசைவு பெற்று, தம் 'பொம்பே கனெக்சன்' நிறுவனத்தின் வாயிலாக 2010 இல் மறுபதிப்புச் செய்தார். அதன் பயனாகச் சிங்கர், எழுபது அகவை கடந்த நிலையிலே, ஐரோப்பிய மேடைகளில் ஏறித் தம் பத்து இராகங்களையும், தம் பேரப்பிள்ளைகள் வயதினரான இளைஞர் முன்னே மீண்டும் இசைத்தார். வாழ்நாளெல்லாம் பிறர் பாட்டுக்கு வாசித்தவரின் பெயர் அறிவிப்புப் பலகையிலே தனித்து நின்றது. 2015 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், தம் 74 ஆம் அகவையிலே, மும்பையிற் காலமானார். மேலைநாட்டு ஏடுகள் பல இரங்கலுரை எழுதின. அவற்றுள்ளும் 'அசிட் ஹவுஸ்' என்னும் சொல்லே முன்னின்றது.

இத்தட்டைக் கேட்க விரும்பும் அன்பர், பத்தையும் ஒருங்கே கேளாது, லலித்தில் தொடங்குவாராக. இரவு கழிந்து பொழுது புலராத வேளைக்குரிய இராகம் அது. கருநாடக இசையிலே லலிதா என ஒன்று உண்டாயினும் அது வேறு. இந்துஸ்தானி லலித்திலே பஞ்சமம் இல்லை. சுத்த மத்தியமமும் பிரதி மத்தியமமும் அருகருகே அமர்ந்து ஒன்றையொன்று தொட்டு நிற்கும். வாய்ப்பாட்டுக்காரரும் தடுமாறும் இடம் அது. கட்டைக் கருவியிலோ அவ்விரண்டும் அடுத்தடுத்த இரு கட்டைகள். சிங்கரின் விரல்கள் அவ்விரு கட்டைகளின் இடையே சென்று மீள்வதைச் செவிகொடுத்துக் கேட்க. கீழே பெட்டி தன் பதினாறு படிகளையும் கூறிக்கொண்டே இருக்கும். அதனை ஒருபுறம் விட்டுவிடலாம்.